ஸ்பான் கேஸ்: நேரடியாகவா, டீ (T) இணைப்பு போட்டா?

அகச்சிவப்பு முறையில் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் அனலைசருக்கு, சிலிண்டர் ரெகுலேட்டரிலிருந்து நேராகக் குழாய் மாட்டி ஸ்பான் கேஸ் (ரீடிங்கைச் சரிசெய்யப் பயன்படும், அளவு தெரிந்த கேஸ்) கொடுப்பது சுலபம். கேஸும் வீணாகாது. ஆனால் செல்லுக்குள், அதாவது கேஸை அளக்கும் அறைக்குள், அழுத்தம் ஏறும். அதே இடத்தில் மூலக்கூறுகள் கூடும், ரீடிங்கும் கூடும். அழுத்தத் திருத்தம் இல்லாத கருவியில், சாதாரணக் காற்றழுத்தமான 1013 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் 50 ஏறினாலே ஏறக்குறைய 5 சதவீதப் பிழை. அதை ஸ்பான் குமிழைத் திருகி 'சரி' செய்துவிட்டால், அப்புறம் சாதாரண அழுத்தத்தில் வரும் சாம்பிள் எல்லாம் குறைத்தே காட்டும்.

டீ, அதாவது மூன்று வாய் உள்ள T வடிவ இணைப்பு, போட்டு ஒரு வாயைத் திறந்துவிட்டால், கருவிக்குள் இருக்கும் பம்ப் தனக்கு வேண்டியதை மட்டும் இழுக்கும், மிச்சம் வெளியே போகும். அந்த வாயில் மாட்டிய ரோட்டாமீட்டர் (கேஸ் ஓட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய்) குண்டு மிதக்க வேண்டும்; கீழே உட்கார்ந்தால் அறைக்காற்று கலக்கிறது. சிலிண்டர் சீக்கிரம் தீரும்தான். இருந்தாலும் என் ஓட்டு டீக்கே. உள்ளே பம்ப் இல்லாத கருவி என்றால் மட்டும் நேரடி.