பள்ளத்து மோட்டாரா, மேட்டு ஊற்றா?

நீலகிரியில் கேத்திப் பக்கத்து மேட்டுக் கேரட் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவர இரண்டு வழி: பள்ளத்து ஓடையிலிருந்து மோட்டாரில் ஏற்றலாம், மேலே ஊற்று இருந்தால் குழாயில் இறக்கலாம்.

1,000 லிட்டரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக் கணக்குப்படி 0.27 யூனிட் போதும். மோட்டாரும் பம்பும் இழுக்கும் மின்சாரத்தில் பாதிதான் நீரை ஏற்றப் பயன்பட்டால் அது 0.55 ஆகும். 20,000 லிட்டருக்கு 11 யூனிட். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்தச் செலவு நம் கண்ணில் படுவதில்லை. 1932 முதல் பைக்காராவில் விழும் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் மலை இது. இங்கேயே மின்சாரத்தைக் கொட்டி நீரை மேலே ஏற்றுவது என் மனதை உறுத்துகிறது.

ஊற்று நீருக்கு 10 மீட்டர் இறக்கத்துக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். 30 மீட்டர் இருந்தால், குழாய் உராய்வில் கொஞ்சம் போனாலும், தெளிப்பான் மோட்டார் இல்லாமலே சுற்றும்.

மாசி, பங்குனியில் ஊற்று மெலியும், உண்மைதான். இரவு நீரைத் தொட்டியில் சேர்த்தால் பெருமளவு சமாளிக்கலாம். அதைவிட முக்கியம், மேலே இருக்கும் சோலையும் புல்வெளியும். அவை மழையைப் பிடித்து மெல்ல விடுவதால்தான் ஊற்றே ஓடுகிறது. அங்கே கைவைக்காதீர்கள்.

ஊற்று உள்ளவர்கள் அதையே நம்பலாம். மோட்டார் கோடைக்கு மட்டும் போதும்.