ஏற்காடு மலைப்பாதையில் கார் ஓட்டப் பயமா? இந்த மாஸ்டரிடம் போங்கள்

சேலத்தில் டிரைவிங் ஸ்கூலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஏற்காடு மலை ஏறி இறங்கப் பொறுமையாகச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு. அஸ்தம்பட்டி பக்கம் சின்னதாக ஒரு பள்ளி நடத்தும் இந்த மாஸ்டர், லைசென்ஸ் வாங்கி ஊருக்குள் நன்றாகப் பழகியவர்களை மட்டும்தான் மலைக்குக் கூட்டிப் போகிறார்.

எனக்கு வேலை ஏற்காட்டில் அமைந்துவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கும். அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, “உனக்கு இஷ்டமான சாமியைக் கும்பிட்டுக்கோம்மா” என்றார். டேஷ்போர்டில் அவருடைய முருகன், பக்கத்திலேயே யாரோ ஒரு மாணவி ஒட்டிவிட்டுப் போன வேளாங்கண்ணி மாதா. நான் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, “சரி, இனிமே கண்ணைத் திறந்துகிட்டே கும்பிடு” என்றார்.

பாதி மலையில் ஒரு வளைவில் மேலிருந்து பஸ் அகலமாகத் திரும்பி வந்தது. ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி, ஆனால் பஸ் பாதி திரும்பிய பிறகு விதி பேசி என்ன பயன், நின்றேன், கார் லேசாகப் பின்னால் நழுவியது. “முருகா” என்று வாய்விட்டுச் சொன்னேன். உடம்பெல்லாம் பதறியது உண்மை, ஆனால் கையும் காலும் என் பேச்சைக் கேட்டன: ஹேண்ட் பிரேக், கிளட்ச்சை மெதுவாக விட்டு வண்டி முன்னால் இழுக்கும்போது பிரேக்கை விடுவிப்பது, எல்லாம் வரிசையாக வந்தது. சாமியை நம்பினால் கவனம் குறையும் என்பவர்கள் இந்த வளைவில் ஒருமுறை நின்று பார்க்கட்டும். எனக்கு அந்தப் பெயர்தான் கவனத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இறங்குவதையும் நன்றாகச் சொல்லித் தருகிறார். ஏறிய கியரிலேயே இறங்கணும், நியூட்ரல் கூடவே கூடாது, பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும்.

அப்புறம் அப்பா அம்மாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து, நானே ஓட்டி, சேர்வராயன் குகைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

குறை என்றால், போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போகணும். கட்டணமும் கொஞ்சம் அதிகம்தான். வார நாளில் காலை நேரமாகக் கேளுங்கள், மே மாதக் கோடை விழாச் சமயம் மட்டும் வேண்டாம், பாதை முழுக்க வண்டியாக இருக்கும்.