ஹால்சியன்: தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு எந்த அளவு கைகொடுக்கும்?

வேரியன் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த, வளைய வடிவக் கதிர்சிகிச்சைக் கருவியான ஹால்சியனில் பெரிய நன்மை, படம் எடுக்காமல் கதிரை விட அது சம்மதிக்காது என்பதுதான். 70 கிரே (கதிர் அளவின் அலகு) கதிரை 35 தவணைகளாகக் கொடுக்கும் கழுத்துச் சிகிச்சையில், "நேற்று சரியாகத்தானே இருந்தது" என்று படத்தைத் தவிர்க்கும் பேச்சுக்கு இங்கே இடமில்லை. அந்தப் படத்தை, அதாவது நோயாளி மேசையில் இருக்கும்போதே எடுக்கும் கோன் பீம் சிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே படத்தை, எடுக்கச் சுமார் 17 வினாடி போதும். நோயாளி எச்சில் விழுங்கி, தொண்டை அசைவதற்குள் பெரும்பாலும் படம் முடிந்துவிடுகிறது. வளையத்தின் வாய் 100 செ.மீ. அகலம், ஆனால் தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்குக்குள் இருப்பவரின் பயத்தை அது முழுக்கப் போக்காது.

குறை மேசையில் இருக்கிறது. வழக்கமான மேசை மூன்று திசைகளில் நகரும், அவ்வளவே. தலை 3 டிகிரி சாய்ந்திருந்தால் மேசையால் நிமிர்த்த முடியாது. மாஸ்க்கைக் கழற்றி, ஹெட்ரெஸ்டில் கழுத்தைச் சரிசெய்து, மறுபடி படம் எடுக்க வேண்டும். படத்தில் மிச்சமான வினாடிகள் எல்லாம் இங்கேதான் போகும். ஆகவே தோள்வரை பிடிக்கும் மாஸ்க்கில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அன்றைய படத்தைத் திட்டமிடும்போது எடுத்த சிடியோடு பொருத்தும்போது, கணினி ஒப்பிடும் கட்டத்துக்குள் கழுத்தெலும்புகளை வையுங்கள், கீழ்த்தாடையை விட்டுவிடுங்கள். தாடை தனியாக அசையும். அதைச் சேர்த்தால் கணினி ஏமாறும். தானியங்கிப் பொருத்தம் முடிந்ததும் கழுத்தின் இரண்டாம் எலும்பையும் ஆறாம் எலும்பையும் தனித்தனியே பாருங்கள். மேலே பொருந்தி, கீழே 5 மி.மீ. விலகினால் தோள் ஏறியிருக்கிறது அல்லது கழுத்து வளைந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சமாளித்து ஓட்டுவது தவறு: திட்டத்தில் இலக்கைச் சுற்றிக் கூடுதலாக வைத்த ஓரவெளியே பல இடங்களில் 3 முதல் 5 மி.மீ.தான், பக்கத்திலேயே தண்டுவடம். பல்லில் உலோகம் அடைத்தவர்களுக்கு வாய் மட்டத்தில் படம் கோடுகோடாகத் தெரியும். அந்த மட்டத்தை நம்பிப் பொருத்தாதீர்கள்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் எடை குறையும், கட்டி சுருங்கும். காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளான பேரோடிட் சுரப்பிகளும் சுருங்கி உள்பக்கம் நகர்ந்து, அதிக கதிர் விழும் பகுதிக்குள் வரும். எலும்பு அச்சாகப் பொருந்தினாலும் இது நடந்திருக்கலாம். எனவே தோலின் வெளிக்கோட்டையும் தினமும் பாருங்கள். மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அன்றே, கதிர் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளரிடம் (பிசிசிஸ்ட்) சொல்லுங்கள். புது மாஸ்க் செய்தால் பழைய திட்டத்தை அப்படியே ஓட்டக் கூடாது; புது சிடி எடுத்துத்தான் ஆக வேண்டும்.