பெரிய நகரமா, சின்ன ஊரா? ஸ்டார்ட்அப்பை இடம் மாற்றிய பிறகு தோன்றியவை

3 வருடம் பெருநகரத்தில் கம்பெனி நடத்திவிட்டு, அப்புறம் மூட்டை முடிச்சோடு ஒரு சின்ன ஊருக்கு வந்து 4 வருடம் ஆகிறது. மொத்தம் 11 பேர், மென்பொருள் வேலை மட்டும். அதனால் நடுநிலை அலசல் என்றெல்லாம் பாவனை செய்யப் போவதில்லை, நான் சின்ன ஊர் கட்சி.

வாடகை குறைவு, டிராஃபிக் இல்லை, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: மென்பொருள் கம்பெனியில் செலவின் பெரும்பகுதி சம்பளத்துக்குத்தான் போகும், வாடகையை மிச்சம் பிடிக்கவென்றே ஊர் மாறினால் கணக்கு உதைக்கும்.

இணையம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் சட்டனூகா என்ற நடுத்தர ஊர், நகராட்சிக்குச் சொந்தமான மின்வாரியத்தை வைத்தே 2010ல் ஊர் முழுக்க ஜிகாபிட் ஃபைபர், அதாவது மிக வேகமான இணைய இணைப்பு, கொடுத்தது. அப்போது அமெரிக்காவின் பல பெருநகரங்களில்கூட வீடுகளுக்கு அந்த வேகம் கிடையாது. ஆகவே சின்ன ஊர் என்றாலே நெட் மோசம் என்பது விதி இல்லை. ஆனால் நாங்கள் ஒரு பாடம் படித்தோம். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று 2 கம்பெனிகளிடம் இணைப்பு வாங்கி வைத்திருந்தோம், ஒரு நாள் தெருமுனையில் ஒரு லாரி கம்பத்தில் இடித்ததும் இரண்டுமே ஒன்றாகப் போய்விட்டன. போய்ப் பார்த்தால் இரண்டு கேபிளும் அதே கம்பத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. இணைப்பு வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால் வயர் எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள்.

சரி, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே விஷயம்: ஆள் நிற்கிறாரா, போய்விடுகிறாரா.

நகரத்தில் இருந்தபோது எங்கள் பில்லிங் மாட்யூல், அதாவது மென்பொருளில் கட்டணக் கணக்கைப் பார்க்கும் பகுதி, ஒன்றரை வருடத்தில் 4 பேர் கை மாறியது. ஒவ்வொருவரும் நல்ல திறமைசாலி, ஒவ்வொருவருக்கும் கூடுதல் சம்பளத்தில் எங்கிருந்தோ அழைப்பு வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் நாலாவது ஆள் அதன் நிரலைத் திறந்தபோது நடுவில் முன்னால் இருந்தவர் எழுதிவைத்த ஒரு குறிப்பு இருந்தது: "இதை எடுத்தால் ரீஃபண்ட் உடைகிறது, ஏன் என்று தெரியவில்லை." எழுதியவர் போய் 8 மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எங்களுக்கு 2 வாரம் பிடித்தது. புது ஆளைத் தேடுவது, பேட்டி எடுப்பது, சேர்ந்த பிறகு பழகும் வரை காத்திருப்பது, இதெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனி வரியாக வராத செலவு. இங்கே வந்த பிறகு அதே மாட்யூலை ஆரம்பத்திலிருந்து ஒருவரே பார்க்கிறார். ஒரு வாடிக்கையாளர் கேள்வி கேட்டால், திரையைப் பார்க்காமலேயே "ஓ, அது பாதி மாதத்தில் பிளான் மாற்றியவர்கள் கேஸ்" என்கிறார். இந்த 4 வருடத்தில் வேலையை விட்டுப் போனவர் ஒரே ஒருவர்தான், அதுவும் மேல்படிப்புக்கு.

இதற்கு மறுபக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. ஆட்கள் தாவுவது எனக்கு நஷ்டம், நகரத்துக்கு லாபம். கலிஃபோர்னியாவில் "போட்டிக் கம்பெனிக்குப் போகமாட்டேன்" என்று ஊழியரிடம் எழுதி வாங்கும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே செல்லாது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் அறிவு கம்பெனி விட்டுக் கம்பெனி பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். எங்களிடம் அந்தப் புதுக்காற்று வருவதில்லை. ஒரே மாதிரி யோசிக்கும் 11 பேர் ஒரே தப்பை வருடக்கணக்கில் ஒற்றுமையாகச் செய்துகொண்டிருக்க முடியும், செய்திருக்கிறோம்.

சின்ன ஊர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. கனடாவின் வாட்டர்லூவில் 1957லிருந்தே பல்கலைக்கழக மாணவர்கள் பாதிப் படிப்பு, பாதி கம்பெனி வேலை என்று மாறி மாறிப் போகிறார்கள். பிளாக்பெர்ரி போன் கம்பெனி அங்கே முளைத்தது தற்செயல் அல்ல. ஃபின்லாந்தின் ஓலுவில் நோக்கியாவும் அதைச் சுற்றி வந்த கம்பெனிகளும் வருடக்கணக்கில் வயர்லெஸ் இஞ்சினியர்களை வளர்த்துவைத்தன. 2014ல் மைக்ரோசாஃப்ட், நோக்கியாவிடம் வாங்கிய போன் தொழிலின் ஓலு பிரிவை மூடுவதாக அறிவித்தபோது, அந்தத் திறமை ஊரிலேயே இருந்தது. தூக்கத்தையும் உடல்நிலையையும் கணிக்கும் ஓரா மோதிரம் செய்கிற கம்பெனி ஓலுவில் தொடங்கியதுதான். ஆக, ஊரின் அளவைப் பார்க்காதீர்கள். ஆளை வளர்க்கிற கல்லூரியோ பழைய கம்பெனியோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத ஊரில் என் அனுபவம் செல்லாது.

முதலீடு திரட்டுவது பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வாடிக்கையாளர் பணத்தில்தான் ஓட்டுகிறோம். முதலீட்டாளர் வாசலில் அடிக்கடி நிற்க வேண்டிய தொழில் என்றால் நகரம்தான் வசதி என்று நினைக்கிறேன். ஹார்டுவேர் செய்கிறவர்கள் நிலைமையும் வேறாக இருக்கலாம்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் இன்னொருவர். அனுபவசாலியை வரவழைப்பது என்றால் அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ இதே ஊரில் வேலை வேண்டும். நகரத்தில் இந்தப் பேச்சே எழாது. டேட்டாபேஸ் தெரிந்த சீனியர் ஒருவரை 7 மாதமாகத் தேடுகிறேன். 2 பேர் ஊரைச் சுற்றிப் பார்த்து, பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, வீட்டில் பேசிய பிறகு முடியாது என்றார்கள். இப்போது மூன்றாவது ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், இந்த முறை முதல் போனிலேயே அவர் மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டுவிட்டேன்.