இரவில் அணைக்கும் சேர்வருக்கு எது சரி: கிரானா, அனக்கிரானா, சிஸ்டம்டி டைமரா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்பின் கணக்கு சேர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பழைய கணினி ஒன்று, உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் ஓடுகிறது. அதிகாலை 2 மணிக்கு பேக்கப் எடுக்கும்படி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் எழுதி வைத்திருந்தேன். ஐப்பசியில் இடி மின்னல் தொடங்கியதும், பின்னேரம் பூட்டிப் போகிறவர்கள் வயரையும் கழற்றிவிட்டுப் போனார்கள். அது நல்ல பழக்கம், அவர்களில் பிழையில்லை. ஆனால் டிஸ்க் பழுதான அன்றுதான் மூன்று வாரமாக ஒரு பேக்கப்பும் இல்லை என்று கண்டேன். பெரும்போக விதைப்புக்குக் கொடுத்த விதைநெல், பசளைக் கணக்கு முழுவதையும் பற்றுச்சீட்டுக் கட்டைகளைப் பார்த்துத் திரும்பப் பதிந்தோம்.

கிரானுக்கு ஒரு வரி போதும். ஆனால் 2 மணிக்கு இயந்திரம் அணைந்திருந்தால் அந்த நாள் போனதுதான். பிறகு திரும்பிப் பார்க்காது. இரவு பகலாக ஓடும் வாடகை சேர்வர் என்றால் இன்றைக்கும் அதையே போடுவேன். ஒன்று மட்டும்: கிரான் வரிக்குள் சதவீதக் குறி வந்தால் முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். இல்லாவிட்டால் கட்டளை அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. நான் அதை நம்பவில்லை.

அனக்கிரானும் அதே வேலைக்குத்தான், ஆனால் எது எந்த நாள் ஓடியது என்று கணக்கு வைத்திருக்கும். நேற்று தவறிய வேலையை, இன்று கணினியைப் போட்டதும் சில நிமிடங்களில் செய்து முடிக்கும். தினசரி வேலைகளின் அடைவில் (/etc/cron.daily) ஸ்கிரிப்டைப் போட்டால் சரி. பெயரில் புள்ளி வைக்காதீர்கள், உபுண்டு அதைத் தாண்டிப் போய்விடும். நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டுமென்றால் இது உதவாது. நெல் கொள்வனவு நாட்களில் எனக்கு இரண்டு தடவை வேண்டும்.

அதனால், உபுண்டுவில் சேவைகளை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டியின் டைமருக்கு மாறினேன். டைமருக்கு ஒன்று, சேவைக்கு ஒன்று என்று இரண்டு கோப்பு எழுத வேண்டும், முதலில் அலுப்புத்தான். ஆனால் டைமர் கோப்பில் ‘பெர்சிஸ்டன்ட்’ (Persistent) என்பதை ‘ட்ரூ’ (true) ஆக்கிவிட்டால் தவறிய வேலை கணினி எழும்பியதும் ஓடும். பத்து நாள் தவறினாலும் ஒரு தடவைதான் ஓடும், எங்களுக்கு அது போதும். மைஎஸ்கியூஎல் எழும்பிய பிறகே ஓடும்படி சேவைக் கோப்பில் ‘ஆஃப்டர்’ (After) வரியையும் சேருங்கள். ஓடியதா, விழுந்ததா என்பது சிஸ்டம்டியின் பதிவேடான ஜேர்னலில் இருக்கும். கிரான் அந்தச் செய்தியை மின்னஞ்சலில் அனுப்பப் பார்க்கும். எங்கள் கணினியில் அதற்கான மென்பொருள் இல்லாததால் எல்லாம் காற்றோடு போயிருக்கிறது.

ஒரு கோளாறு மூன்றிலும் வரும். தரவை வெளியே எடுக்கும் டம்ப்பை நேரே, அதைச் சுருக்கும் ஜிசிப்புக்குள் விட்டால், டம்ப் தோற்றாலும் ஜிசிப் வென்றதாகவே காட்டும். கையில் மிஞ்சுவது 20 பைட் வெறுங்கோப்பு. இடையில் ஒன்று தோற்றாலும் முழுதும் தோற்றதாகக் காட்டும் ‘பைப்ஃபெயில்’ (set -o pipefail) வரியை பாஷ் ஸ்கிரிப்டின் தலையில் போட்ட பிறகுதான் டைமர் எனக்கு உண்மை சொல்லத் தொடங்கியது.