லயத்துக் காம்பராவில் படம் எடுக்க 35 மில்லிமீற்றரா, 85 மில்லிமீற்றரா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடும்பங்களை அவர்களின் லயத்துக் காம்பராவிலேயே, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் அறையிலேயே, படம் எடுத்து வரும் நான், பெரிய உணரி கொண்ட முழுச்சட்டகக் கமராவில், அகலமாகக் காட்டும் 35, குறுகிய பரப்பைப் பெரிதாக்கிக் காட்டும் 85 ஆகிய இரண்டு லென்ஸ்களையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு 35 மில்லிமீற்றரையே நிலையாக வைத்துக்கொண்டேன்.

முகத்தை மட்டும் அழகாகப் பிரித்துக் காட்டுவதில் 85 சிறந்தது என்பது தெரிந்ததே. எடையும் விலையும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பனிமூட்டத்தின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் அபாயம் இரண்டுக்கும் பொது.

தீர்மானிப்பது தூரம்தான். 12 அடி நீளமான காம்பராவில் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, 9 அடி தள்ளி இருப்பவர்களை எடுத்தால், 85இன் சட்டகத்தில் அகலவாக்கில் 4 அடிகூட அடங்காது. 35இல் 6 அடி தூரத்திலேயே ஏறத்தாழ 6 அடி அகலம் கிடைத்துவிடும். அந்தக் கூடுதல் அகலத்தில்தான் குடும்பமே இருக்கிறது: பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பேத்திக்குத் தலைபின்னும் அம்மாயியின் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், பின்னால் புகையேறிய சுவரில் மாலையோடு தொங்கும் தாத்தாவின் படம், வாசலில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு) போக அவசரப்படும் தாய் ஆகிய மூன்றையும் ஒரே படத்தில் சேர்க்க 85ஆல் முடியாது. அதோடு, 35ஐ வைத்திருப்பவர் பேசும் தூரத்திலேயே உட்கார வேண்டியிருக்கும், "எடுக்கட்டுமா அம்மாயி?" என்று கேட்கவும், வேண்டாம் என்று அவர் தலையசைத்தால் கமராவை இறக்கவும் அந்த நெருக்கம் இடம் கொடுக்கிறது. தொலைவிலிருந்து ஒருவர் அறியாமல் முகத்தைப் பறித்துக்கொள்வதை வீட்டுக்குள் நான் விரும்புவதில்லை.

ஒற்றை ஜன்னல் வெளிச்சத்திலும் 35 கைகொடுக்கும். கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க 85க்கு ஏறத்தாழ 1/100 வினாடி ஷட்டர் வேகம் தேவைப்படும்போது, இதற்கு 1/40 போதும். ஓடித் திரியும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த லாபம் பயன்படாது.

முகத்துக்கு மிக அருகே கொண்டுபோனால் 35 மூக்கைப் பெரிதாக்கும். சட்டக ஓரத்தில் நிற்பவரும் இழுபட்டுத் தெரிவார். ஆகவே 4 அடிக்குக் குறையாமல் நின்று, வயதானவர்களை நடுவில் வைக்கிறேன். இஸ்தோப்புக்கு (வீட்டின் முன் வராந்தாவுக்கு) வெளியே, திறந்தவெளியில் எடுக்கும் தனிமுகப் படங்களுக்கு 85 மேலாக இருக்கலாம். அங்கே என் அனுபவம் குறைவு.

உணரி சிறியதான ஏபிஎஸ்-சி கமரா வைத்திருப்பவர்கள் இதே கோணத்துக்கு 35ஐ அல்ல, 23 அல்லது 24 மில்லிமீற்றர் லென்ஸைத்தான் வாங்க வேண்டும்.