எத்வெஷ்: 1848 அமைச்சரா, 1867 அமைச்சரா?

ஹங்கேரிய நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான யோஜெஃப் எத்வெஷ் (1813–1871) இரண்டு முறை சமயம், கல்வித் துறை அமைச்சரானார். இரண்டில் எதை முதலில் படிக்கலாம் என்றால், 1867-ல் தொடங்கிய இரண்டாம் முறையைத்தான் சொல்வோம்.

1848-ன் முதல் பதவிக்காலம் ஆறு மாதம்கூட நீடிக்கவில்லை. பிரதமர் பத்யானியின் அமைச்சரவையில் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வி மசோதா கீழவையைத் தாண்டியது, மேலவை ஒத்திவைத்தது. செப்டம்பரில் பெஷ்டில் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) மன்னர் அனுப்பிய ஆணையர் லாம்பெர்க் படுகொலை செய்யப்பட்டதும் எத்வெஷ் நாட்டை விட்டு வெளியேறி, மியூனிக்கில் தங்கினார். பணமும் இல்லை, அவகாசமும் இல்லை, போர் வேறு வாசலில். மசோதாவின் மீது மட்டும் பழி போடுவது நியாயமல்ல.

இரண்டாம் முறை நிலைமை வேறு. ஆஸ்திரியாவோடு சமரசம் ஏற்பட்டிருந்தது. 1868-ன் 38-ம் சட்டம் 6 முதல் 12 வயது வரை தினசரிப் பள்ளியையும், 15 வரை மறுபயிற்சிப் பள்ளியையும் (படித்ததை மீண்டும் பயிலும் பள்ளி) கட்டாயமாக்கியது. ஒரு வகுப்பறையில் 60 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. ஓர் ஆசிரியருக்கு வழக்கமாக 80 பேர்தான் உச்சம். தாய்மொழியில் பாடம் என்ற விதியும் அதில் உண்டு. ஹங்கேரியர் அல்லாத இனங்களின் மொழியுரிமை பற்றிய அதே ஆண்டின் தேசிய இனச் சட்டத்திலும், 1867-ன் யூதர் சமவுரிமைச் சட்டத்திலும் அவர் கை இருக்கிறது.

குறையும் உண்டு. சமயப் பள்ளிகளை அவர் ஒழிக்கவில்லை. சமயப் பள்ளி இல்லாத ஊரில், பள்ளி வயதுப் பிள்ளைகள் 30 பேராவது இருந்தால்தான் ஊராட்சி பள்ளி திறக்க வேண்டும். திருச்சபைகளைப் பகைத்திருந்தால் மசோதா முடங்கிய 1848-ன் கதி மீண்டும் நேர்ந்திருக்கும்; அந்த விட்டுக்கொடுப்பு சரியானதே.